மரபணு ரிப்போர்ட்டில் ‘தெளிவில்லை’ என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமா?

கடிதம் எழுதியவர் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த 36 வயதுப் பெண். கூட்டுறவு வங்கியில் வேலை. ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். இவருடைய அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒரு பக்க மார்பகத்தை எடுத்து, கீமோவும் ரேடியேஷனும் கொடுத்தார்கள். இப்போது 61 வயதில் தோட்டம், கோயில் என்று நலமாக இருக்கிறார். அம்மாவின் தங்கை 49 வயதில் இறந்துவிட்டார். “சித்திக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது, கர்ப்பப்பையில் கட்டி என்று சொன்னார்கள்” என்று எழுதியிருக்கிறார்.

தனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்க்கும் பேனல் டெஸ்ட் செய்திருக்கிறார். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாகவும், அது ‘வேரியன்ட் ஆஃப் அன்சர்டெயின் சிக்னிஃபிகன்ஸ்’ என்றும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. லேபில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் “டிடெக்டட்னு போட்டிருக்கே, பாசிட்டிவ்தான்” என்று சொல்லிவிட்டார். ஓர் அறுவை மருத்துவர், “ரெண்டு பிள்ளை ஆயிடுச்சே, மார்பகத்தையும் சினைப்பையையும் எடுத்துட்டா நிம்மதி” என்றாராம். இதற்கு நடுவே சென்னையில் வேலை பார்க்கும் 27 வயதுத் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் தட்டிப்போகும், பேசாமல் தாய்மாமா மகனுக்கே முடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அண்ணனோ “எனக்கென்ன, இது பொம்பளைங்க சமாச்சாரம்” என்று ஒதுங்கிவிட்டார். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

“பாசிட்டிவா, நெகட்டிவா என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் டாக்டர். மகளுக்கும் டெஸ்ட் எடுத்துவிடவா?” என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

ஒரே வார்த்தையில் கேட்டீர்கள். இரண்டும் இல்லை. அது மழுப்பல் பதிலாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் ரிப்போர்ட் சொல்வதே அதைத்தான். அதைப் பாசிட்டிவ் என்று படித்ததில்தான் உங்கள் வீட்டில் இத்தனை குழப்பமும் தொடங்கியிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் ‘டிடெக்டட்’ என்ற சொல்லுக்கும் ‘ஹெட்டரோசைகஸ்’ என்ற சொல்லுக்கும் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு முறை கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லும் பயப்பட வேண்டியவை அல்ல. ‘டிடெக்டட்’ என்றால் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ‘ஹெட்டரோசைகஸ்’ என்றால் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என உங்களிடம் இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் அந்த மாற்றம் இருக்கிறது. கோடு போட்டிருக்க வேண்டிய வரி அதற்கும் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது: இந்த மாற்றத்தின் விளைவு இப்போதைக்குத் தெரியாது, இதை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது. ஆய்வகமே எழுதிக் கொடுத்திருக்கிறது, யாரும் படிக்கவில்லை.

அந்த ‘தெளிவில்லை’ எதைப் பற்றியது?

பி.ஆர்.சி.ஏ. 2 என்பது புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் எல்லோரிடமும் இருக்கும் காவல் மரபணு. செல்லுக்குள் டி.என்.ஏ. இழை அறுந்தால் அதைச் சரியாக ஒட்டவைப்பது அதன் வேலை. அந்த வேலையைச் செய்யும் புரதம் 3,418 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. சங்கிலி பாதியில் அறுந்துபோகும்படியான பிழை இருந்தால் காவல் போய்விடும், ஆபத்து கூடும். உங்களுக்கு இருப்பது அப்படியில்லை. ஓர் இடத்தில் ஒரு மணிக்குப் பதில் வேறொரு மணி கோத்திருக்கிறது. சங்கிலி முழுதாக இருக்கிறது. அந்த ஒரு மணி மாறியதால் வேலை கெடுகிறதா என்பதுதான் தெரியவில்லை.

எழுத்தை வைத்துச் சொல்கிறேன். ‘கோயில்’ என்றும் எழுதுகிறோம், ‘கோவில்’ என்றும் எழுதுகிறோம். ஓர் எழுத்து மாறினாலும் சாமி அங்கேயேதான் இருக்கிறார். ‘மரம்’ என்பதை ‘மறம்’ என்று எழுதினால் பொருளே வேறாகிவிடும். இப்போது உங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு சொல் வருகிறது என்று வையுங்கள். அது அந்த ஊர்க்காரர்கள் புழங்கிய வயலின் பெயரா, எழுதினவர் கை தவறியதா? அதே ஊரின் இன்னும் பத்துப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கையில் அந்தப் பத்து இல்லையென்றால் ‘தெரியவில்லை’ என்று குறித்து வைப்பதுதான் நேர்மை. நாங்கள் சுருக்கமாக வி.யு.எஸ். என்று சொல்வது இந்தக் குறிப்பைத்தான்.

‘பத்துப் பத்திரம் இல்லை’ என்று சொன்னது வெறும் உவமை அல்ல. ஒரு மாற்றம் சாதாரணமானதா என்று பார்க்க நாங்கள் திறக்கும் உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுக்களே மிகுதி. தென்தமிழகத்தில் பரவலாக, எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும் ஒரு மாற்றம் அங்கே ஒருமுறைகூடப் பதிவாகாமல் இருக்கலாம். அரிதாகத் தெரிவதால் சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. இந்தியர்களுக்கு வி.யு.எஸ். அதிகம் வருவதற்கு இது முக்கியக் காரணம். பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபணுவையும் படித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இனிமேல் நிலைமை மெல்ல மாறும். இன்னொரு காரணம், பேனலின் அளவு. எத்தனை மரபணுக்களைப் படிக்கிறோமோ அத்தனைக்கத்தனை புரியாத சொற்களும் கிடைக்கும். கூடுதலாகக் காசு கொடுத்துப் பெரிய பேனல் எடுத்தவர் கூடுதல் குழப்பத்தோடு வீடு திரும்புவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, இது கடைசியில் எந்தப் பக்கம் சாயும்? ஒரு பெரிய அமெரிக்க ஆய்வகத்தில் 2006 முதல் 2016 வரை பரிசோதித்துக்கொண்ட 14.5 லட்சம் பேரின் முடிவுகளை அலசி 2018இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த ஆண்டுகளில் மறுபடி வகைப்படுத்தப்பட்ட வி.யு.எஸ்.களில் சுமார் 91 சதவீதம் ‘கெடுதல் இல்லை’ என்ற பக்கம் இறங்கின. 9 சதவீதம் அளவுக்கு ‘கெடுதல்’ பக்கம் ஏறின. இந்த எண்ணைப் பார்த்து ஒரேயடியாக நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம். வகை மாறாமல் ‘தெரியவில்லை’ என்றே அப்படியே நின்றவைதான் மிக அதிகம். ஆனாலும், ‘சந்தேகம் என்றால் பாதிக்குப் பாதி’ என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை என்பதற்கு இது போதும்.

அந்த 50 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. இணையத்தில் படித்திருப்பீர்கள். கெட்ட மாற்றம் ஒருவருக்கு உறுதியாக இருந்தால், அது ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச் சேரும் வாய்ப்புதான் 50 சதவீதம். புற்றுநோய் வரும் வாய்ப்பு வேறு கணக்கு. உறுதியான பி.ஆர்.சி.ஏ. 2 கோளாறு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 69 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் 17 சதவீதம் என்று 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சொல்கிறது. அந்த எண்கள் உங்களுக்குப் பொருந்தாது. ஏஞ்சலினா ஜோலியை நீங்களும் குறிப்பிட்டிருக்கிறீர்கள் (இந்தக் கடிதங்களில் அவர் வராமல் இருப்பதே இல்லை). 2013இல் அவர் வெளிப்படையாக எழுதியது, கெடுதல் என்று உறுதியான பி.ஆர்.சி.ஏ. 1 மாற்றத்தைப் பற்றி. உங்களுடையது வேறு மரபணு, வேறு வகை மாற்றம், வேறு நிலைமை.

எடுத்திருக்க வேண்டியது அம்மாவின் ரத்தம்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ரிப்போர்ட் இல்லை. அம்மாவுக்கு டெஸ்ட் எடுக்கவே இல்லை என்ற வரி. ஒரு குடும்பத்தில் பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று தேடும்போது, முதலில் நோய் வந்தவரைத்தான் பரிசோதிக்க வேண்டும். திருட்டு நடந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கைரேகை எடுத்த மாதிரி ஆகியிருக்கிறது. இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. ரத்தம் எடுக்க வீட்டுக்கே வந்தவர் இதைச் சொல்லியிருக்கப் போவதில்லை.

அம்மாவுக்கு முழு பேனலும், கூடவே மரபணுவின் பெரிய துண்டுகளே காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் செய்தால், மூன்று விதமாக முடிவு வரலாம்.

முதலாவது: அம்மாவிடம் வேறொரு கெட்ட மாற்றம் தெளிவாகக் கிடைக்கிறது. தென்னிந்தியக் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் பி.ஆர்.சி.ஏ. 1 மாற்றங்கள்கூட உண்டு. அப்படி ஒன்று கிடைத்து, அது உங்கள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால், உங்களுக்கு அது வரவில்லை என்று அர்த்தம். அப்போது உங்கள் ஆபத்து மற்றப் பெண்களின் அளவுக்கு அருகே இறங்கிவிடும். எந்த வி.யு.எஸ்.ஸுக்காகத் தூக்கம் கெட்டீர்களோ அது பெரும்பாலும் பேச்சுக்கே வராமல் போய்விடும். ஆனால் உங்கள் தங்கைக்கும் அண்ணனுக்கும் அது வந்திருக்க ஆளுக்கு 50 சதவீத வாய்ப்பு. இதைக் கவனியுங்கள்: உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தால் தங்கைக்கு இருக்கும் உண்மையான ஆபத்து யார் கண்ணிலும் படாமலே போகலாம்.

இரண்டாவது: அம்மாவிடம் கெட்ட மாற்றம் எதுவும் இல்லை, உங்களிடம் இருக்கும் வி.யு.எஸ்.ஸும் இல்லை. அப்படியானால் அது ஏறத்தாழ நிச்சயமாக அப்பா வழியில் வந்தது. அம்மாவின் நோய்க்கும் சித்தியின் நோய்க்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

மூன்றாவது, கொஞ்சம் எரிச்சலூட்டும் முடிவு: அம்மாவிடமும் அதே வி.யு.எஸ். இருக்கிறது, வேறெதுவும் இல்லை. பார்த்தீர்களா, நோய் வந்தவருக்கும் இருக்கிறதே என்று உடனே கை நீட்டத் தோன்றும். பொறுங்கள். அம்மாவின் மூக்கும் சுருட்டை முடியும்கூட உங்களுக்கு வந்திருக்கலாம், அவையா காரணம்? ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருப்பது சாட்சி ஆகாது. பெரியம்மா, மாமா என்று இன்னும் சிலரைப் பார்த்து, நோய் வந்தவர்களிடம் இருக்கிறதா, 70 வயதிலும் நோயில்லாமல் இருப்பவர்களிடம் இல்லையா என்று கோடு போட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வகத்திடம் கேட்டுப் பாருங்கள். இந்த மாதிரி குடும்ப உறுப்பினர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்கும் சோதனையைக் குறைந்த செலவில் சிலர் செய்து தருகிறார்கள்.

அம்மாவுக்கே இதில் பயன் உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள். 61 வயதில் அவருக்கு இன்னொரு மார்பகமும் சினைப்பைகளும் இருக்கின்றன. கெட்ட மாற்றம் உறுதியானால் அவற்றைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் முதலில் அவர்தான்.

அப்புறம் சித்தி. ‘கர்ப்பப்பைக் கட்டி’ என்று குடும்பங்களில் சொல்வது மூன்று வேறு வேறு நோய்களாக இருக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வருவது, அது இந்தப் பரம்பரைக் கணக்கில் சேராது. கர்ப்பப்பை உட்சுவரில் வந்திருந்தால் லிஞ்ச் சின்ட்ரோம் என்ற வேறொரு பரம்பரைப் பிரச்சினையைப் பற்றி நான் யோசிப்பேன். சினைப்பையில் வந்திருந்தால்தான் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் வரிசையில் முன்னால் வந்து நிற்கும். வயிற்றில் நீர் கோத்தது என்கிறீர்கள், அது சினைப்பையை நினைக்க வைக்கிறது. ஆனால் நினைப்பு போதாது, பயாப்சி தாள் வேண்டும். சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு துணிக்கடைப் பை நிறைய ஸ்கேனும் ரசீதும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இறக்குங்கள். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் அவருடைய திசுவை மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கேட்பதில் தவறில்லை.

அப்படியானால் ஆபரேஷன்?

இந்த ரிப்போர்ட்டுக்காக வேண்டாம். நான் இதில் தயங்கவே மாட்டேன். வி.யு.எஸ்.ஸை மட்டும் வைத்து உறுப்புகளை அகற்றக் கூடாது என்பது இந்தத் துறையில் யாரும் மறுக்காத விதி. அந்த அறுவை மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. 49 வயதில் இறந்த சித்தியைப் பற்றிக் கேட்டதும் அவருக்கும் பதற்றம் வந்திருக்கலாம். ஆனால் ‘ரெண்டு பிள்ளை ஆயிடுச்சே’ என்பது மருத்துவக் காரணம் அல்ல. சினைப்பையின் வேலை பிள்ளை பெறுவதோடு முடிவதில்லை. 36 வயதில் இரண்டையும் எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பு. உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு, பிற்காலத்தில் இதய நோய் வாய்ப்பு என்று பின்னால் ஒரு வரிசை காத்திருக்கும். பி.ஆர்.சி.ஏ. 2 கோளாறு உறுதியானவர்களுக்கே இந்த ஆபரேஷனை 40 முதல் 45 வயதுக்குள் என்றுதான் வழக்கமாகச் சொல்கிறோம். ஆகவே மிக மோசமான பதில் வந்தாலும் உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அம்மாவின் ரிப்போர்ட் வர நான்கைந்து வாரம் ஆகும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் வேண்டாம் என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டாலும் உங்கள் குடும்ப வரலாறு அப்படியே இருக்கிறது. இந்தியாவில் சுமார் 29 பெண்களில் ஒருவருக்கு 75 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2020 அறிக்கையின் கணக்கு. அம்மாவுக்கு 50 வயதுக்கு முன்பே வந்திருந்தால் மகளுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. சித்தியுடையது சினைப்பைதான் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். கண்காணிப்பை வி.யு.எஸ்.ஸை வைத்து முடிவு செய்யாமல் இந்த வரலாற்றை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

வழக்கம் என்னவென்றால், அம்மாவுக்கு நோய் வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து அங்கே ஆரம்பிப்பது. உங்கள் கணக்கில் 33. மூன்று வருடம் தாமதம்தான், பரவாயில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தொடங்குங்கள். கேன்ரிஸ்க் போன்ற கணக்கீட்டில் உங்கள் குடும்ப விவரங்களைப் போட்டு, ஆயுட்கால ஆபத்து 20 சதவீதத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ.யும் சேர்ப்போம். இந்தக் கணக்கீடுகள் மேற்கத்தியப் பெண்களை வைத்து உருவானவை என்பதால் வரும் எண்ணை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு சின்ன விஷயம்: எம்.ஆர்.ஐ.யை மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 7 முதல் 14 நாளுக்குள் எடுங்கள். மற்ற நாட்களில் ஹார்மோன் காரணமாகச் சாதாரணத் திசுவே பளிச்சென்று தெரிந்து, வேண்டாத பயாப்சிக்குக் கொண்டு விடும்.

சினைப்பைப் புற்றுநோயைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்திவிடலாம். மாதவிலக்கு நாளில் எடுத்தாலே அது ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தால் ஏறும். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. அதைவிட உடம்பு சொல்வதைக் கேளுங்கள்: இரண்டு மூன்று வாரமாக வயிறு உப்பியே இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது என்றால் ‘கேஸ்’ என்று ஜெலுசில் குடித்துக்கொண்டு இருக்காமல் காட்டிவிடுங்கள்.

தங்கையின் கல்யாணமும் தாய்மாமா மகனும்

உங்கள் வி.யு.எஸ். தங்கைக்கும் இருக்கிறதா என்று அவருக்கு இப்போது டெஸ்ட் எடுக்காதீர்கள். இருந்தாலும் பொருள் தெரியாது, இல்லாவிட்டாலும் பொருள் தெரியாது. ‘இல்லை’ என்று வந்தால் அவர் தப்பித்ததாக நினைத்துக் கண்காணிப்பை விட்டுவிடுவார், அது இன்னும் மோசம். அவருக்குத் தேவை அம்மாவின் முடிவு. அதில் கெட்ட மாற்றம் வந்தால், அதற்குப் பிறகு அவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும். 27 வயதுப் பெண்ணின் மரபணுவை அவருடைய சம்மதம் இல்லாமல் குடும்பம் கூடி முடிவு செய்ய முடியாது. வரன் வீட்டாரிடம் இன்றைய தேதிக்குச் சொல்வதற்கு உறுதியான செய்தி எதுவும் உங்கள் கையில் இல்லை. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது ஊருக்கே தெரிந்த விஷயம்தானே.

தாய்மாமா மகன் யோசனைதான் எனக்கு உறுத்துகிறது. விஷயத்தை மறைக்க வசதி என்று சொந்தத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். தாய்மாமா யார்? உங்கள் அம்மாவுடன் பிறந்தவர். அம்மாவின் குடும்பத்தில் ஏதாவது ஒரு கெட்ட மாற்றம் உண்மையிலேயே இருந்தால், அது வெளி மாப்பிள்ளையைவிட அந்த மாமன் மகனிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருவரிடமும் ஒரே கோளாறு இருந்தால் பிள்ளைக்குக் குறைந்தது ஒரு பிரதியாவது போய்ச் சேர நான்கில் மூன்று வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ. 2 என்றால், இரண்டு பிரதியும் கெட்டுப் பிறக்கும் குழந்தைக்கு ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். அரிது, ஆனால் உண்டு. அம்மாவின் ரிப்போர்ட் வரும்வரை இந்தப் பேச்சைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதில் ஒன்றுமில்லை என்றால் தாராளமாகப் பேசட்டும்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு வரி: பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் 13ஆம், 17ஆம் குரோமோசோம்களில் இருக்கின்றன. ஆண், பெண் என்று பார்க்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் இல்லை. ஆண்களுக்கும் சம வாய்ப்பில் வந்து, அவர்களுடைய மகள்களுக்கும் போகும். பி.ஆர்.சி.ஏ. 2 கோளாறு உள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது, மார்பகப் புற்றுநோய்கூட வரலாம். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொம்பளைங்க சமாச்சாரம்தான், ஆனால் அவர் வீட்டுப் பொம்பளைகள்.

மகளுக்கு டெஸ்ட் வேண்டாம். ஒன்பது வயதில் தெரிந்துகொண்டு செய்யக்கூடியது எதுவும் இல்லை. பெரியவர்களான பிறகு வரும் நோய்களுக்குக் குழந்தைகளைச் சோதிப்பதில்லை என்பது பொது நெறி. அவள் வளர்ந்து, அவளே கேட்கும் காலத்தில் அறிவியல் எங்கேயோ போயிருக்கும்.

காப்பீடு பற்றி ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 2008இல் வந்தது போன்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் தீர்ப்பையொட்டி, மரபணு நோய் என்ற விலக்கைக் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. புதிய பாலிசி எடுக்கும்போது படிவத்தில் கேட்டிருக்கும் கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். வி.யு.எஸ். நோய் அல்ல, நோய் கண்டறிதலும் அல்ல. அதை நீங்களே ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ‘சி.’ என்றும் ‘பி.’ என்றும் தொடங்கும் அந்த விசித்திரமான எண் வரிசைதான் உங்கள் மாற்றத்தின் முகவரி. ஆண்டுக்கொருமுறை, உங்கள் மேமோகிராம் மாதத்தில், ரிப்போர்ட் எண்ணைப் போட்டு ‘வகைப்பாடு மாறியிருக்கிறதா?’ என்று ஆய்வகத்துக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். 2025 தொடக்கத்தில் பி.ஆர்.சி.ஏ. 2இன் முக்கியமான ஒரு பகுதியில் வரக்கூடிய கிட்டத்தட்ட 7,000 மாற்றங்களை ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக உருவாக்கி, செல் பிழைக்கிறதா என்று பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மாற்றம் அந்தப் பகுதியில் விழுகிறதா என்பதே நாம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கலாம்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பரம்பரைப் புற்றுநோய்க்கு ஆலோசனை கிடைக்கும். யாரிடம் போனாலும் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதுதான் கஷ்டம் என்று நீங்கள் சொல்வது தெரியும். “தன்னால்தான் என்று நினைத்து உடைந்துபோய்விடுவார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ அவருக்கு வந்திருந்தால் வந்தது, அவர் தேடி எடுத்துக்கொண்டதில்லை. இப்படிப் பயந்து பயந்து ஒரு மகள் என்னிடம் கூட்டிவந்த அம்மா, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கு வந்தது இதுகளுக்கு வராம பாத்துக்க முடியும்னா ரெண்டு பாட்டில் ரத்தம்கூட எடுத்துக்கோங்க” என்று கையை நீட்டினார். ஐந்து மில்லி போதும்மா என்றேன்.

சித்தியின் பையை இறக்கும்போது ஒன்று. பழைய பயாப்சி தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். பிரிக்கப் பார்த்துக் கிழித்துவிடாதீர்கள். அப்படியே பையோடு கொண்டு வாருங்கள்.